கொழுந்தில் படாத புகை



போன மாதம் நம் இதழுக்கு வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் கோப்பில் போடாமல் மேசையிலேயே வைத்திருந்தேன். கொப்பியிலிருந்து கிழித்த தாளில் நீலப் பேனாவால் எழுதிய கடிதம். தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்துவிட்டு இப்போது வீட்டோடு இருக்கும் ஓர் அம்மா எழுதியிருந்தார். கொழும்பில் வேலை செய்யும் மகன் தீபாவளிக்கு வரும்போது காற்றைச் சுத்தப்படுத்தும் மெஷின் ஒன்றை வாங்கி வந்தானாம். வீட்டில் பேரப்பிள்ளைக்கு இழுப்பு. "முதல் நாள் நீல லைட்டு எரிஞ்சிச்சு. அடுப்பு மூட்டினதும் செவப்பாயிருச்சு. மூணு கிழமையா இப்படித்தான். மெஷின் பழுதா? ஒங்க புத்தகத்துல எழுதினா நல்லா இருக்கும்" என்று முடித்திருந்தார்.

இதற்குக் கடிதத்தில் பதில் எழுத மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்விட்டேன்.

பழைய லயம். முன்னால் ஸ்தோப்பு, அதைத் தாண்டினால் காம்பரா, அதற்குப் பின்னால் பலகை வைத்து மறைத்த குசினி. லயத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் வேறொரு குடும்பம் இருப்பதால் குசினிக்கு ஜன்னல் கிடையாது. கவ்வாத்து மலையிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மிலாறு விறகு மூலையில் அடுக்கியிருந்தது, பாதி ஈரம். தகரத்தின் உட்பக்கம் தார் பூசியது போல மினுமினுத்தது. மழை நாளில் அதிலிருந்து சொட்டும் கரித்தண்ணி சோற்றுப் பானையில் விழாமலிருக்க, அடுப்புக்கு மேலே ஒரு பழைய தகரத் தட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

மெஷின் காம்பராவில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலின் மேல் இருந்தது. பேரன் சாய்த்துவிடாமல் இருக்கக் கயிறு கட்டியிருந்தார்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பின்மூடியைக் கழற்றினோம். முதலில் ஒரு வலை. அதில் கம்பளி நூல், தலைமுடி, தூசி. வலையை எடுத்ததும் விசிறிமடிப்பு வைத்த வடிகட்டி தெரிந்தது. வாங்கிய அன்று அது கோதுமை மா நிறத்தில் இருந்திருக்கும். இப்போது அடுப்புக்கல்லின் நிறம். அம்மா சுண்டுவிரலால் அதைத் தொட்டு, விரல் நுனியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"பழுது இல்லம்மா. மெஷின் உள்ளதைத்தான் சொல்லுது" என்றேன்.

எப்படிச் சொல்கிறது என்பதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இப்படியான மெஷின்கள் இப்போது நம் பக்கத்து டவுண்களுக்கும் வந்துவிட்டன. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்புகிறார்கள். வாங்கப் போகிறவர்கள் தெரிந்துகொண்டு வாங்கட்டும்.

உள்ளே இருப்பது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. ஒரு விசிறி காற்றை இழுக்கிறது. இழுத்த காற்று வடிகட்டியின் வழியாகப் போய் மறுபக்கம் வெளியே வருகிறது. 2020இல் கொரோனா நாட்களில் அமெரிக்காவில் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசன்தால் என்ற இருவர் ஒரு சாதாரண விசிறியைச் சுற்றி வடிகட்டி அட்டைகளை டேப் போட்டு ஒட்டி இதே வேலையைச் செய்து காட்டினார்கள். எல்லாம் அந்த வடிகட்டியில்தான் இருக்கிறது. ஹெப்பா என்று பெட்டியில் அச்சடித்திருக்கும். 1940களில் அமெரிக்காவின் அணுகுண்டு வேலையின்போது, கதிர்வீச்சுத் தூசு ஆட்களின் மூச்சில் போய்விடாதிருக்க உருவாக்கிய வடிகட்டியின் வழிவந்தது அது. கண்ணாடி இழையையோ பிளாஸ்டிக் இழையையோ கம்பளி போலக் குழப்பிப் பரப்பி மடித்திருப்பார்கள்.

நாம் மாவு சலிக்கிற சல்லடையை நினைத்துக்கொண்டு இதைப் பார்க்கக்கூடாது. சல்லடையில் ஓட்டையைவிடப் பெரியது தங்கும், சிறியது விழுந்துவிடும். இந்த வடிகட்டியில் நடப்பது வேறு. தேயிலைச் செடிகள் நெருங்கி நிற்கும் மலையை மனதில் வையுங்கள். நிறை கூடையோடு மேலிருந்து ஓடி வருகிறவரால் வளைவில் திரும்ப முடியாது, நேரே போய்ச் செடியில் மோதிவிடுவார். பெரிய தூசு அப்படித்தான் இழையில் மோதி நிற்கிறது. வண்ணத்துப்பூச்சியைத் துரத்திக்கொண்டு அங்குமிங்கும் ஓடும் குழந்தை ஏதாவது ஒரு செடியில் கட்டாயம் சிக்கும். மிகமிகச் சிறிய துகள் அப்படி. காற்றின் மூலக்கூறுகள் அதை இடித்து அலைக்கழிக்கும், அது தள்ளாடித் தள்ளாடி ஒரு இழையில் ஒட்டிக்கொள்ளும். நிதானமாக நிரை பிடித்து நடந்து வருகிறவர்தான் எதிலும் படாமல் தப்பிப் போவார். அந்த நடுத்தர அளவு சுமார் 0.3 மைக்ரோன். ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் மைக்ரோன். பிடிக்க மிகக் கடினமான அந்தத் துகளிலேயே 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் ஹெப்பாவின் அளவுகோல். அதைவிடச் சிறியது தப்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறு.

விறகுப் புகையின் துகள்களில் பெரும்பாலானவை 1 மைக்ரோனுக்கும் குறைந்தவை. ஒரு தலைமுடியின் தடிப்பு சுமார் 70 மைக்ரோன். அதனால்தான் நாம் கண்ணை மூடிக்கொண்டாலும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாலும் அவை நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போய்விடுகின்றன.

அம்மா சிவப்பு விளக்கைப் பற்றிக் கேட்டிருந்தாரே, அதற்கு மெஷினின் ஓரத்தில் ஒரு சிறு துளை இருக்கிறது. உள்ளே ஓர் ஒளிக்கதிர் ஓடுகிறது. காற்றில் துகள் இருந்தால் ஒளி சிதறும், சிதறலை வைத்து மெஷின் நிறம் மாற்றும். நம்முடைய மலையில் இதில் ஒரு சிக்கல் உண்டு. சாயந்தரம் கதவைத் திறந்து வைத்தால் உள்ளே வருகிற பனிமூட்டத்தின் நீர்த்துளியும் ஒளியைச் சிதறடிக்கும், சில மெஷின்கள் அதையும் புகை என்று காட்டிவிடும். ஆனால் அந்த அம்மா வீட்டில் எரிந்தது பனிமூட்டத்தின் சிவப்பு அல்ல. அடுப்பு மூட்டி எண்ணி இரண்டு நிமிடத்தில் நீலம் போனதை நானே பார்த்தேன்.

இனி அந்த விசிறியைப் பற்றி. இதைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை முடிக்க எனக்கு மனமில்லை. மெஷினின் வயிற்றில் இருக்கும் விசிறி நம் வீட்டுக் கூரையில் சுற்றும் விசிறி போல இராது. உருளையாக, சுற்றிலும் முன்பக்கம் வளைந்த மெல்லிய தகடுகளோடு ஒரு கூண்டு போல இருக்கும். பல சுத்திகரிப்பு மெஷின்களில் இந்த வகைதான். அதற்குப் பெயர் சிரோக்கோ விசிறி. அதைச் செய்தவர் ஒரு தேயிலைக்காரர். சாமுவேல் கிளீலண்ட் டேவிட்சன், அயர்லாந்தின் வடபகுதியைச் சேர்ந்தவர். 1864இல் பதினேழு வயதில் அசாமில் உள்ள கச்சாருக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தார். அந்தக் காலத்தில் இலையைத் தட்டுகளில் பரப்பிக் கரி நெருப்புக்கு மேலே வைத்துத்தான் காய வைத்தார்கள். நெருப்பின் மேல் வைக்காமல் சூடான காற்றை ஊதிக் காய வைத்தால் என்ன என்று அவர் யோசித்தார். அந்த யோசனை உலர்த்தும் இயந்திரமாகி, 1881இல் பெல்ஃபாஸ்டில் ஒரு தொழிற்சாலையாகி, இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள் வரை வந்தது. சஹாராவிலிருந்து வீசும் வெப்பக் காற்றின் பெயர் சிரோக்கோ, அதையே இயந்திரத்துக்கும் வைத்தார். காற்றை இன்னும் நன்றாகத் தள்ள வேண்டும் என்று 1890களின் இறுதியில் அவர் செய்ததுதான் அந்த வளைந்த தகட்டு விசிறி. பிறகு அது கப்பலுக்குப் போனது, சுரங்கத்துக்குப் போனது. நூற்றிச்சொச்சம் வருடம் கழித்து ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் உட்கார்ந்து, கொழுந்து எடுத்த ஓர் அம்மாவின் காம்பராவுக்கு வந்திருக்கிறது.

தேயிலைத் தொழிற்சாலைக்குள் போனவர்களுக்குத் தெரியும். அங்கேயும் விறகுதான் எரிகிறது. லொறி லொறியாக வந்து இறங்குகிறது. ஆனால் அந்தப் புகை இலையைத் தொடுவதே இல்லை. அடுப்பின் நெருப்பு இரும்புக் குழாய்களைச் சூடாக்குகிறது. குழாய்க்கு ஒரு பக்கம் புகை, மறுபக்கம் சுத்தமான காற்று. அந்தச் சுத்தமான காற்று சூடேறி இலைக்குப் போகிறது, புகை உயரமான புகைக்கூட்டின் வழியாக வானத்துக்குப் போகிறது. குழாயில் ஒரு வெடிப்பு விழுந்து புகை கசிந்தாலும் தேயிலையில் வாடை ஏறிவிடும், ருசி பார்ப்பவர் ஒரு கரண்டி வாயில் வைத்ததுமே கண்டுபிடித்துவிடுவார், விலை இறங்கிவிடும். அதனால் குழாயை ஒழுங்காகச் சோதித்துக்கொண்டே இருப்பார்கள். இலை உலர்த்தும் இயந்திரத்துக்குள் இருப்பது சுமார் 20 நிமிடம். அந்த 20 நிமிடத்துக்கு இவ்வளவு காவல். தலவாக்கலையில் சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கப்பட்டது. இலையின் நலனுக்காக அங்கே ஒரு நூற்றாண்டு அறிவு திரண்டிருக்கிறது. அந்த இலையை எடுத்தவரின் குசினிக்கு ஒரு புகைக்கூடு வைக்கப் பெரும்பாலும் யாரும் யோசிக்கவில்லை. லயம் கட்டியவர்கள் கட்டவில்லை, பின்னால் வந்தவர்களில் பெரும்பாலோரும் கட்டவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

அப்படியானால் புகைக்கூடு இல்லாத வீட்டில் மெஷினை வைத்தால் போதாதா? கணக்கைப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, ஒன்பதடி உயரம் என்றால் சுமார் 30 கன மீற்றர் காற்று. மணிக்கு 200 கன மீற்றர் காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் என்றால் ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை காம்பரா முழுவதையும் வடிகட்டிவிடும். சாதாரண வீட்டுத் தூசிக்கு அது தாராளம். ஆனால் ஒரு கிலோ விறகு எரிந்தால் சில கிராம் நுண்துகள் வெளியே வரும். ஈர மிலாறு என்றால் இன்னும் கூட. ஒரே ஒரு கிராமை எடுத்துக்கொள்வோம், இரண்டு மூன்று சிட்டிகை உப்பின் எடைதான். அது அந்தக் காம்பராவில் பரவினால் ஒரு கன மீற்றர் காற்றில் 33,000 மைக்ரோகிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஒரு நாளைய சராசரிக்கு வைத்த அளவு 15. இரண்டாயிரம் மடங்குக்கு மேல். மெஷின் ஒன்பது நிமிடம் பாடுபட்டு ஒரு சுற்று முடிப்பதற்குள் அடுப்பு அடுத்த கிராமைத் தந்துகொண்டிருக்கும். பீலியைத் திறந்துவிட்டுக் கரண்டியால் தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றுவது போலத்தான். மூன்று கிழமையில் அந்த வடிகட்டி கறுத்துப்போனதற்குக் காரணம் அதுதான். புது வடிகட்டியின் விலையைக் கேட்டு அந்த வீட்டு மருமகள் "ஒரு கிழமைக் கைக்காசு" என்று சொன்னார்.

இன்னொரு விஷயத்தை மிகவும் கவனமாகப் படியுங்கள், பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள். குளிர் கூடிய இரவுகளில் தணலைச் சட்டியில் அள்ளிக் காம்பராவுக்குள் கொண்டு வந்து கதவைச் சாத்தி வைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தணலில் புகை தெரியாது. ஆனால் அதிலிருந்து கார்பன் மொனொக்சைட் வாயு வரும். அதற்கு நிறமுமில்லை, வாடையுமில்லை. ஹெப்பா வடிகட்டி அதைப் பிடிக்காது, கூட இருக்கும் கரி வடிகட்டியும் பிடிக்காது. மெஷினின் கண்ணுக்குத் துகள் மட்டுந்தான் தெரியும், எனவே நீல விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அந்த நீலத்தை நம்பித் தூங்கினால் காலையில் எழும்பாமலே போகலாம். மெஷின் இருக்கிறது என்ற தைரியத்தில் தணல் சட்டியைக் காம்பராவுக்குள் கொண்டு வராதீர்கள். ஓசோன் வாயு விடும் மெஷினையும் வாங்க வேண்டாம். ஓசோன் நுரையீரலைப் புண்ணாக்கும், இழுப்பு உள்ள பிள்ளைக்கு அது இன்னும் கேடு.

வீட்டுக்குள் எழும் புகையால் 2020இல் மட்டும் உலகம் முழுக்க 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் 2,37,000க்கு மேல். நம்முடைய இலக்கியத்தில் அடுப்புப் புகையில் கண் கசக்கும் தாய் வராத கதை குறைவு. அவள் ஊதாங்குழலால் ஊதும்போது மடியில் இருந்த பிள்ளையைப் பற்றி நாம் அதிகம் எழுதவில்லை.

புகைக்கூடு வைத்தால் உண்மையில் என்ன நடக்கும் என்று ஒருவர் அளந்து பார்த்திருக்கிறார். கேர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளர். 1980களின் தொடக்கத்திலேயே குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் உடம்பில் கருவி கட்டிப் புகையை அளந்தவர். பிறகு அவரும் கூட்டாளிகளும் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில் ஒரு மலைப் பகுதிக்குப் போனார்கள். நம்மைப் போலவே குளிர், விறகு, சின்ன வீடு. சில நூறு வீடுகளில் பாதிக்குப் புகைக்கூடு வைத்த அடுப்பைக் கொடுத்து, மீதிப் பாதியைப் பழைய அடுப்போடு விட்டு, கைக்குழந்தைகளைப் பல மாதம் பின்தொடர்ந்தார்கள். 2011இல் முடிவு வந்தது. குழந்தைகள் சுவாசித்த புகை சராசரியாகப் பாதியானது. எல்லா நியுமோனியாவும் குறைந்ததென்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் கடுமையான நியுமோனியா குறைந்தது. பின்னர் நடந்த இன்னோர் ஆய்வில் புகைக்கூட்டோடு நிற்காமல் கேஸ் அடுப்பையே கொடுத்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வில் தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டத்துக் கர்ப்பிணிகளும் சேர்ந்திருந்தார்கள். சென்னை போரூரில் உள்ள ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். நாலு நாட்டில் 3,200 தாய்மார். கேஸுக்கு மாறியவர்கள் சுவாசித்த நுண்துகள் மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. பிள்ளையின் பிறப்பு எடை மட்டும் எதிர்பார்த்தபடி கூடவில்லை. இதையும் மறைக்காமல் சொல்வதே சரி. பல வருடம் புகை குடித்த உடம்பு ஒரு சில மாதத்தில் தேறிவிடும் என்று எதிர்பார்ப்பது கடினம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கேஸ் என்றதும் உங்களுக்கு 2022 ஞாபகம் வரும். வெற்று சிலிண்டரோடு டவுணில் விடிய விடிய வரிசையில் நின்றோம். கேஸுக்கு மாறியிருந்த வீடுகளும் திரும்ப விறகுக்குப் போயின, இன்னும் திரும்பி வராத வீடுகள் எத்தனையோ. வசதி உள்ளவர்கள் கேஸை விடாதீர்கள். முடியாதவர்கள் மிலாற்றை நனையாமல் அடுக்கி நன்றாகக் காய வைத்தே எரியுங்கள். 1980களில் நம் நாட்டிலேயே உருவாக்கிய அனகி மண்ணடுப்பு விறகை மிச்சம் பிடிக்கும்; ஆனால் அது புகையை வெளியே கொண்டு போகாது, அதற்குக் கூடு வேண்டும். காணியோடு புது வீடு கிடைக்கப் போகிறவர்கள் அஸ்திவாரம் போடும் நாளிலேயே குசினிக்குப் புகைக்கூடு எங்கே என்று கேட்டு வாங்குங்கள். கூரை போட்ட பிறகு கேட்டால் செலவு கூடும். கூடு அடுப்புக்கு நேர் மேலே அகன்ற வாயோடு தொடங்கி, கூரை முகட்டைத் தாண்டி நிற்க வேண்டும். முகட்டுக்குக் கீழே நின்றால் காற்று புகையைத் திருப்பி உள்ளேயே அடிக்கும். உச்சியில் மழைக்கு ஒரு தொப்பி. ஆறு மாதத்துக்கொரு தரம் கரி தட்ட வேண்டும்.

கடிதம் எழுதிய அம்மாவுக்கு நான் சொன்னதும் இதுதான். மெஷினை எறிய வேண்டாம், அடுப்பு அணைந்து ஒரு மணி நேரம் கழித்துப் பேரன் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் போடுங்கள், இரவில் அது தன் வேலையைச் சரியாகச் செய்யும். புகைக்கூட்டை மட்டும் எப்படியாவது வையுங்கள் என்றேன். லயம் தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் தகரத்தை வெட்ட ஒபீஸில் கேட்க வேண்டியிருந்தது. மகன் இரண்டு முறை போய்க் கேட்டான். மூன்றாவது வீட்டில் இருக்கும் மேசன் பழைய தகரமும் சீமெந்துக் குழாயும் வைத்துக் கட்டிக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை அம்மா போன் எடுத்தார். மலைக்கு மேலே ரோட்டில் நின்று பேசுவதாகச் சொன்னார். முதல் தடவை அடுப்பு மூட்டிவிட்டு, மருமகளை உள்ளே வைத்துவிட்டு, தான் மட்டும் மேலே ஏறி வந்தாராம் பார்க்க. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியது. பிறகு சொன்னார்:

"தம்பி, இங்க இருந்து பார்க்கிறேன். கூட்டுலருந்து கறுப்பா, கட்டி கட்டியாப் போகுது. இவ்வளவா? இத்தன வருசமும் இவ்வளவுமா உள்ள இருந்திச்சு?"

அன்புடன்,
ஆசிரியர்